ரத்தத்தில் மோனோசைட், தட்டில் மேக்ரோபேஜ்: பிரித்து, ஏழு நாள் வளர்த்து, வேலை செய்கிறதா என்று சோதிக்கும் முழு வழிகாட்டி

மேக்ரோபேஜ் என்பது கிருமியையும் செத்த செல்லையும் விழுங்கும் பாதுகாப்புச் செல்; ரத்தத்தில் ஓடும் மோனோசைட் என்ற வெள்ளணுவிலிருந்து இதை வளர்க்கலாம். இதன் தொழிலே சுற்றுப்புறத்தை ருசி பார்ப்பதுதான். பாக்டீரியாவின் ஒரு துணுக்கு, சாகும் செல்லின் மேல்பரப்பில் வெளிப்பட்ட ஒரு கொழுப்பு, உடைந்த பிளேட்லெட் கசியவிட்ட புரதம் என்று எது பட்டாலும் அதற்கேற்பத் தன் குணத்தை மாற்றிக்கொள்ளும். உடலுக்குள் இது பெரிய வரம். ஆய்வகத்தில் இதுவே பெரிய தொல்லை. ஜில்லென்ற பஃபர், தரம் தெரியாத சீரம், கழுவாமல் விட்ட பிளேட்லெட் எல்லாவற்றையும் இந்தச் செல் செய்தியாகவே எடுத்துக்கொள்ளும். கீழே வரும் ஒவ்வொரு படியிலும் அளவோடு காரணத்தையும் சேர்த்துச் சொல்வது அதனால்தான். காரணம் தெரியாமல் அளவை மட்டும் பின்பற்றினால், ஏதாவது பிசகும்போது எங்கே தேடுவது என்றே தெரியாது.

முதலில், இந்தச் செல் எங்கிருந்து வருகிறது

எலும்பு மஜ்ஜையிலுள்ள ரத்தத் தண்டுச் செல் ஒரே தாவலில் மோனோசைட் ஆவதில்லை. முதலில் மைலாய்டு முன்னோடி, அடுத்து கிரானுலோசைட்டுக்கும் மோனோசைட்டுக்கும் பொதுவான முன்னோடி, கடைசியில் மோனோசைட்டை மட்டுமே தரும் முன்னோடி என்று படிப்படியாக வழி குறுகிக்கொண்டே வரும். பியு.1 என்ற ஒழுங்குமுறைப் புரதம் மேலோங்கினால் செல் மோனோசைட் பக்கம் சாயும். சி/ஈபிபி-ஆல்ஃபா மேலோங்கினால் நியூட்ரோஃபில் பக்கம் போகும். வழி நெடுக உயிரைக் காப்பது எம்-சிஎஸ்எஃப் என்ற வளர்ச்சிக் காரணி. அதற்கான மரபணு பழுதான எலிகளில் மேக்ரோபேஜ்கள் மிகக் குறைவு. எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட்டும் இதே குடும்பம் என்பதால், அந்த எலிகளின் எலும்பு கல்லாக இறுகிவிடும், பல்கூட முளைக்காது. தட்டில் நாம் ஊற்றப்போகும் மருந்தும் இதே எம்-சிஎஸ்எஃப்தான்.

மஜ்ஜையை விட்டு ரத்தத்துக்கு வர மோனோசைட்டுக்கு சிசிஆர்2 என்ற ரிசப்டர் (வெளியிலிருந்து வரும் செய்தியைப் பிடிக்கும் புரதம்) வேண்டும். மனித ரத்தத்தில் ஒரு மைக்ரோ லிட்டருக்கு 200 முதல் 800 வரை மோனோசைட்கள் இருக்கும்; வெள்ளணுக்களில் 2 முதல் 10 சதவீதம். சிடி14, சிடி16 என்ற மேல்பரப்புப் புரதங்களை வைத்து அவற்றை மூன்று வகையாகப் பிரிப்பார்கள். சிடி14 நிறைய இருந்து சிடி16 இல்லாதவை கிளாசிக்கல் வகை. பத்தில் எட்டுக்கு மேல் இவைதான். இரண்டும் இருப்பவை இடைநிலை வகை. சிடி14 குறைந்து சிடி16 மிகுந்தவை ரத்தக் குழாயின் உட்சுவரை ரோந்து சுற்றும் வகை. கிளாசிக்கல் மோனோசைட் ரத்தத்தில் தங்குவது ஏறத்தாழ ஒரே நாள். பெரும்பாலானவை திசுவுக்குள் போய்விடும் அல்லது மடிந்துவிடும். ஒரு சிறு பகுதி இடைநிலையாக மாறி சுமார் 4 நாளும், பிறகு ரோந்து வகையாக மாறி சுமார் 7 நாளும் இருக்கும். கதிரியக்கம் இல்லாத டியூட்டீரியம் ஏற்றிய குளுக்கோஸைத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்து 2017-இல் கண்ட கணக்கு இது.

இங்கே ஒரு பழைய எண்ணத்தைக் களைய வேண்டும். 1882-இல் மெசினா கடற்கரையில், நட்சத்திர மீனின் லார்வாவுக்குள் செருகிய ரோஜா முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்ப்பதை ரஷ்ய விலங்கியலாளர் மெச்னிகாஃப் கண்டார். 1908-இல் பால் எர்லிக்கோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1960-களின் இறுதியில் ஆய்வாளர்கள் வான் ஃபர்த்தும் கோனும் திசு மேக்ரோபேஜ் எல்லாம் ரத்த மோனோசைட்டிலிருந்தே வருகின்றன என்ற படத்தை வரைந்தார்கள். நாற்பது ஆண்டுகள் பாடநூல்களில் அதுதான் இருந்தது. 2010-இல் எலிகளில் செய்த தடமறிதல் ஆய்வு, மூளையின் மேக்ரோபேஜ்களான மைக்ரோகிளியா கருவின் மஞ்சள்கருப் பையிலேயே தோன்றி, பிறப்புக்கு முன்பே மூளையில் குடியேறி, அங்கேயே தம்மைப் புதுப்பித்துக்கொள்கின்றன என்று காட்டியது. கல்லீரலின் குப்ஃபர் செல், நுரையீரலின் காற்றறை மேக்ரோபேஜ் ஆகியவையும் பெரும்பாலும் கருக்காலத்து வாரிசுகளே. மறுபக்கம், குடல் சுவர் மேக்ரோபேஜ்களில் பெரும்பகுதியை ரத்த மோனோசைட்கள்தான் ஓயாமல் நிரப்பிக்கொண்டிருக்கின்றன. ஆகவே, ரத்தத்திலிருந்து நாம் வளர்க்கும் செல், வீக்கமோ தொற்றோ உள்ள இடத்துக்கு விரைந்து வரும் மேக்ரோபேஜுக்கு நல்ல மாதிரி. அதை மைக்ரோகிளியா என்று சொல்லிக் கட்டுரை எழுதக் கூடாது.

கையில் என்னென்ன வேண்டும்

நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், ரத்தம் தருபவரின் எழுத்துச் சம்மதமும் முதலில். மனித ரத்தம் எதுவானாலும் தொற்று இருப்பதாகவே கருதிக் கையாள வேண்டும்: இரண்டாம் நிலை உயிரிப் பாதுகாப்பு கேபினெட், கையுறை, வேலை செய்பவருக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் அல்லது ஈடிடிஏ குழாயில் 40 மி.லி. ரத்தம், அடர்த்தி 1.077 உள்ள ஃபிக்கால் (செல்களை அடர்த்திக்கேற்ப அடுக்காகப் பிரிக்கும் திரவம்). கால்சியமும் மக்னீசியமும் இல்லாத பிபிஎஸ் (பஃபர் உப்புக் கரைசல்). பிரிப்பு பஃபர், அதாவது பிபிஎஸ்ஸில் 0.5 சதவீத பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின் புரதம்), 2 மில்லிமோலார் ஈடிடிஏ, சிடி14-ஐப் பிடிக்கும் காந்த மணிகள், ஆர்பிஎம்ஐ 1640 மீடியம் (செல் வளர்க்கும் ஊட்டத் திரவம்), 10 சதவீத சீரம், 2 மில்லிமோலார் குளுட்டமின், எம்-சிஎஸ்எஃப். 10 மைக்ரோ கிராம் குப்பியை 100 மைக்ரோ லிட்டரில் கரைத்து, 0.1 சதவீத பிஎஸ்ஏ சேர்த்து, சிறு சிறு பங்காக மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். 10 மி.லி. மீடியத்துக்கு 5 மைக்ரோ லிட்டர் போட்டால் மி.லி.க்கு 50 நானோ கிராம் வரும். ஒருமுறை உருக்கிய பங்கை மறுபடி உறைய வைக்காதீர்கள்.

எவ்வளவு செல் கிடைக்கும் என்று முன்பே கணக்குப் போட்டுவிடுவது நல்லது. மைக்ரோ லிட்டருக்கு 400 என்றால் மி.லி.க்கு 4 லட்சம், 40 மி.லி.யில் 1.6 கோடி. கைக்கு வருவது அதில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டில் இவை பெருகவே பெருகாது. முதல் நாள் விதைத்த எண்ணிக்கைதான் உச்சவரம்பு.

படி 1: ஃபிக்காலில் பிரித்தல்

ரத்தம் எடுத்த 4 முதல் 6 மணி நேரத்துக்குள் தொடங்குங்கள். அதுவரை அறை வெப்பத்திலேயே இருக்கட்டும், ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். ஃபிக்காலும் சுமார் 20 டிகிரிக்கு வந்திருக்க வேண்டும். குளிர்ந்தால் அதன் அடர்த்தி மாறி, சிவப்பணு முழுதாக அடியில் இறங்காமல் நமக்கு வேண்டிய வெள்ளணு வளையத்தோடு கலந்துவிடும்.

ரத்தத்தைச் சம அளவு பிபிஎஸ்ஸோடு கலக்கவும். 50 மி.லி. குழாயில் 15 மி.லி. ஃபிக்கால் ஊற்றி, குழாயைச் சாய்த்து, அதன் சுவர் வழியே 30 மி.லி. கலவையை மெல்ல வழியவிடுங்கள். இரு படலங்களுக்கும் நடுவே கோடு கூர்மையாகத் தெரிய வேண்டும். 400 ஜி (புவியீர்ப்பின் 400 மடங்கு), 20 டிகிரி, 30 நிமிடம் சுற்றுங்கள். சென்ட்ரிஃப்யூஜில் பிரேக் கட்டாயம் அணைந்திருக்க வேண்டும்; திடீரென நின்றால் அடுக்குகள் சுழன்று கலந்துவிடும், அரை மணி நேர உழைப்பு வீண். புதிதாகப் பழகுபவர்கள் மறக்கும் முதல் விஷயம் இதுதான். பட்டனை அழுத்தும் முன் இன்னொரு முறை பாருங்கள்.

மேலே மஞ்சள் பிளாஸ்மா, நடுவே பால் படிந்தது போன்ற மெல்லிய வளையம் (மோனோசைட்டும் லிம்ஃபோசைட்டும் இதில்தான்), அதன் கீழ் ஃபிக்கால், அடியில் சிவப்பணு. பிளாஸ்மாவில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, வளையத்தைப் பிப்பெட்டால் வட்டமாகச் சுற்றி உறிஞ்சுங்கள். ஃபிக்காலைக் கூடுதலாக இழுத்தால் அடுத்த கழுவலில் செல் அடியில் இறங்காது. அப்படி ஆகிவிட்டால் குறைந்தது மூன்று மடங்கு பஃபர் சேர்த்து நீர்க்கச் செய்து மறுபடி சுற்றினால் போதும்.

முதல் கழுவல் 300 ஜி, 10 நிமிடம். அடுத்த இரண்டும் 200 ஜி, 10 நிமிடம், ஈடிடிஏ உள்ள பஃபரில். இந்த மெதுவான சுற்று பிளேட்லெட்டுக்காக. அவை இலேசானவை, மேலேயே மிதந்து போய்விடும். இதைத் தவிர்த்தால் அவை மோனோசைட்டின் மேல் ஒட்டிக்கொண்டு, டிஜிஎஃப்-பீட்டா போன்ற புரதங்களைக் கொட்டும். ஏழாம் நாள் உங்கள் செல் எதிர்பாராத குணத்தோடு நின்றால் காரணம் முதல் நாள் கழுவலில் இருக்கக்கூடும். வீழ்படிவு சிவப்பாக இருந்தால் அம்மோனியம் குளோரைடு கரைசலில் 5 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்.

படி 2: மோனோசைட்டைத் தனியே எடுத்தல்

இரண்டு வழிகள் உண்டு. சிக்கன வழி ஒட்டவைத்தல்: செல்களைக் கல்ச்சர் தட்டில் 37 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்து, ஒட்டாத லிம்ஃபோசைட்டுகளை வெதுவெதுப்பான மீடியத்தால் மூன்று முறை கழுவி நீக்குவது. குளிர்ந்த மீடியம் பட்டால் மோனோசைட்டே பிடியை விட்டுவிடும். தூய்மை குறைவு, எஞ்சிய டி செல்கள் (லிம்ஃபோசைட்டில் ஒரு வகை) பின்னர் மேக்ரோபேஜைத் தூண்டும் இன்டர்ஃபெரான்-காமா சுரந்து முடிவைக் குழப்பும். சைட்டோகைன் (செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திப் புரதம்) அளக்கும் சோதனை என்றால் இந்த வழியை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

மற்றது காந்த மணி. ஒரு கோடி செல்லுக்கு 80 மைக்ரோ லிட்டர் பஃபர், 20 மைக்ரோ லிட்டர் சிடி14 மணி. ஃபிரிட்ஜில் 15 நிமிடம் வையுங்கள். ஐஸில் வேண்டாம், அங்கே மணி பிடிக்கும் வேகம் குறைந்துவிடும். வெப்பம் கூடினால் மணியைச் செல் விழுங்கத் தொடங்கும், தேவையில்லாத செல்களிலும் மணி ஒட்டும். கழுவி, 500 மைக்ரோ லிட்டரில் கரைத்து, 30 மைக்ரோமீட்டர் வலை வழியே வடித்துக் காந்தத்தில் பொருத்திய பிரிப்புக் குழாயில் விடுங்கள். 3 மி.லி. வீதம் மூன்று கழுவல். ஒவ்வொன்றும் முழுக்க வடிந்த பிறகே அடுத்தது. பிறகு காந்தத்திலிருந்து கழற்றி 5 மி.லி. பஃபரால் தள்ளி எடுங்கள். பஃபரில் காற்றுக் குமிழி இருந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். வெற்றிடத்தில் வைத்துக் காற்றை நீக்கிய பஃபரே நல்லது. இவ்வழியில் 95 சதவீதத்துக்கு மேல் தூய்மை எதிர்பார்க்கலாம். சிடி14 குறைந்த ரோந்து வகை மட்டும் கைவிட்டுப் போகும். அவை வேண்டும் என்றால் மற்ற செல்களை நீக்கும் எதிர்மறைத் தேர்வு முறைக்குப் போக வேண்டும்.

எண்ணும்போது, செத்த செல்லை மட்டும் நிறமேற்றும் 0.4 சதவீத டிரிப்பான் நீலம் சம அளவு. உயிர்ப்பு 95 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தொடராமல் இருப்பதே மேல். செத்த செல்லை மற்றவை விழுங்கும், விழுங்கியவை அமைதிப்படுத்தும் குணத்துக்குச் சாயும்.

படி 3: ஏழு நாள்

24 குழித் தட்டில் குழிக்கு 3 முதல் 5 லட்சம் செல், 0.5 மி.லி. மீடியம், மி.லி.க்கு 50 நானோ கிராம் எம்-சிஎஸ்எஃப். இன்குபேட்டருக்குள் வைக்கும் முன் பத்து நிமிடம் மேசையில் அசையாமல் இருக்கட்டும். உடனே தூக்கிக்கொண்டு நடந்தால் செல்லெல்லாம் குழியின் நடுவில் குவிந்துவிடும். 37 டிகிரி, 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு.

மூன்றாம் நாள் பழையதை எடுக்காமல், எம்-சிஎஸ்எஃப் கலந்த புது மீடியம் 0.5 மி.லி. சேர்க்கவும். மேக்ரோபேஜ் இந்தக் காரணியை ரிசப்டரோடு சேர்த்து உள்ளிழுத்துத் தீர்த்துவிடும் என்பதால் இது வெறும் மீடியம் மாற்றம் மட்டுமல்ல. தவறினால் ஐந்தாம் நாள் செல்கள் உருண்டு மிதக்கத் தொடங்கும்.

முதல் நாள் சிறு உருண்டைகள். மூன்றாம் நாள் ஒட்டிப் பரவும். ஆறு, ஏழாம் நாளில் எம்-சிஎஸ்எஃப் செல்களில் பல நீண்டு கதிர் வடிவில் இருக்கும். பதிலாக ஜிஎம்-சிஎஸ்எஃப் போட்டிருந்தால் ஆஃப்பாயில் போல நடுவில் உப்பி விளிம்பில் வட்டமாகப் பரந்திருக்கும். ஜிஎம்-சிஎஸ்எஃப்போடு ஐஎல்-4-ஐயும் தொடக்கத்திலேயே சேர்த்துவிட்டால் வருவது மேக்ரோபேஜே அல்ல, டென்ட்ரிட்டிக் செல். எம்-சிஎஸ்எஃப்போடு ரேங்க்-லிகண்ட் சேர்த்தால் பல கருக்கள் கொண்ட ஆஸ்டியோகிளாஸ்ட். ஒரே மோனோசைட்டை எந்தப் பாதையில் அனுப்புவது என்பது நாம் ஊற்றும் மருந்தில் இருக்கிறது.

விதைத்ததில் பாதி ஏழாம் நாள் மிஞ்சினால் சாதாரணம்தான். அதற்கும் கீழே போனால் முதலில் சீரத்தைச் சந்தேகியுங்கள். சீரம் ஒவ்வொரு தொகுப்பிலும் மாறும். இரண்டு மூன்று தொகுப்பின் மாதிரியை வாங்கிச் சோதித்து, ஒத்துவருவதை மொத்தமாக வாங்கி வைப்பதே வழி.

செல்லைத் தட்டிலிருந்து எடுக்க டிரிப்சின் வேண்டாம். மேக்ரோபேஜ் அதற்கு எளிதில் மசியாது; மேல்பரப்புப் புரதங்கள்தான் அறுபடும். 5 மில்லிமோலார் ஈடிடிஏ கலந்த குளிர்ந்த பிபிஎஸ்ஸில், ஐஸ் மேல் 15 நிமிடம் வைத்து மெல்லப் பீய்ச்சி எடுங்கள். எப்படியும் எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால், கல்ச்சருக்கென்று மேல்பூச்சு செய்யாத சாதா பெட்ரி தட்டில் வளர்ப்பது புத்திசாலித்தனம்.

எண்டோடாக்சின் என்னும் தனிப் பிரச்சினை

தனித் தலைப்பு கொடுக்கும் அளவுக்கு இது முக்கியம். எண்டோடாக்சின் என்பது கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவின் சுவரிலுள்ள எல்பிஎஸ். அது மி.லி.க்கு ஒரு நானோ கிராமுக்கும் குறைவாக இருந்தாலே மனித மோனோசைட் உணரும். தண்ணீர், சீரம், பாக்டீரியாவில் தயாரித்த மறுசேர்க்கைப் புரதம், தாவரச் சாறு எல்லாவற்றிலும் அது இருக்கலாம். ஆட்டோகிளேவில் அது அழியாது. கண்ணாடிப் பாத்திரத்தை 250 டிகிரி உலர் சூட்டில் அரை மணி நேரம் வைத்தால்தான் அழியும். சிறிதளவு எல்பிஎஸ் முன்பே பட்ட செல், பிறகு வேண்டுமென்றே கொடுக்கும்போது மந்தமாகப் பதில் சொல்லும். "என் புரதம் மேக்ரோபேஜைத் தூண்டுகிறது" என்று மகிழும் முன், எண்டோடாக்சினை அளக்கும் லிமுலஸ் சோதனையில் அளந்து பாருங்கள். அந்தப் புரதத்தைக் கொதிக்கவைத்தும் கொடுத்துப் பாருங்கள். புரதம் சிதைந்த பிறகும் தூண்டல் அப்படியே இருந்தால், அது புரதத்தின் வேலை அல்ல. கல்ச்சரில் தெரியாமல் புகும் மைகோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவும் இதே போலக் குழப்பும். மாதம் ஒருமுறை சோதிக்க வேண்டும்.

படி 4: குணத்தை மாற்றிப் பார்த்தல்

ஏழாம் நாள் மீடியத்தை மாற்றி, ஒரு பகுதிக்கு இன்டர்ஃபெரான்-காமா 20 நானோ கிராமும் எல்பிஎஸ் 10 முதல் 100 நானோ கிராமும், இன்னொரு பகுதிக்கு ஐஎல்-4 20 நானோ கிராமும் கொடுங்கள், எல்லாம் மி.லி.க்கு. மூன்றாவது பகுதி ஒன்றும் கொடுக்காத கட்டுப்பாடு. எல்பிஎஸ் குப்பியைப் பயன்படுத்தும் முன் ஒரு நிமிடம் வோர்டெக்ஸ் செய்யுங்கள். சுவரில் ஒட்டி, கட்டி சேரும் பொருள் அது. வீக்கத்தைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற சைட்டோகைனை அளக்க 4 முதல் 6 மணியில் மேல்நீர் எடுக்கவும். மேல்பரப்புக் குறிகளுக்கு 24 முதல் 48 மணி: முதல் பகுதியில் சிடி80, சிடி64 ஏறும், இரண்டாவதில் சிடி206, சிடி200ஆர் ஏறும். ஆன்டிபாடி போடும் முன் மனித ஐஜிஜியால், ஆன்டிபாடியின் வாலைப் பிடிக்கும் எஃப்சி ரிசப்டர்களை அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் எந்த ஆன்டிபாடியும் எல்லாச் செல்லிலும் ஒட்டி, எல்லாமே பாசிட்டிவாகத் தெரியும்.

இவ்விரு பகுதிகளையும் முறையே எம்1, எம்2 என்று அழைப்பது வழக்கம். உடலுக்குள் இப்படி இரண்டு பெட்டி இல்லை. எதைக் கொடுத்தீர்களோ அதன் பெயராலேயே குறிப்பிடுவது நேர்மை. இன்னொன்று: எலி மேக்ரோபேஜில் வேலை செய்யும் நைட்ரைட் அளவீடும் ஆர்ஜினேஸ்-1 அளவீடும் மனிதச் செல்லில் பெரும்பாலும் பூஜ்யமே காட்டும். தட்டில் வளரும் மனித மேக்ரோபேஜ் நைட்ரிக் ஆக்சைடு அதிகம் சுரப்பதில்லை. நைட்ரைட்டை அளக்கும் கிரீஸ் சோதனை நிறமே காட்டவில்லை என்று மாதக்கணக்கில் ரீஏஜென்ட்டை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

படி 5: விழுங்குகிறதா?

விழுங்குதல் பிடிப்பதிலிருந்து தொடங்குகிறது. ஆன்டிபாடி பூசிய பாக்டீரியாவை எஃப்சி ரிசப்டரும், காம்ப்ளிமென்ட் என்ற சீரப் புரதம் பூசியதை சிஆர்3 ரிசப்டரும் பிடிக்கும். சாகும் செல் ஃபாஸ்ஃபடைடில்செரீனை வெளியே காட்டி "என்னைத் தின்னு" என்கிறது. நலமான செல் சிடி47-ஐக் காட்டித் தடுக்கிறது. உள்ளே போனதும் அதைச் சூழ்ந்த பை அமிலமாகி, பிஹெச் 5-க்கு அருகே இறங்கி, செரிக்கும் நொதிகள் நிறைந்த லைசோசோமோடு இணையும். காசநோய்க் கிருமி தடுப்பது இந்த இணைவைத்தான். அதனால் தன்னைக் கொல்ல வந்த செல்லுக்குள்ளேயே குடியிருக்கிறது. கிருமியைக் கொல்ல உதவும் என்ஏடிபிஹெச் ஆக்சிடேஸ் என்ற நொதி பிறவியிலேயே பழுதானவர்களுக்கு விழுங்கும் திறன் இருந்தும் கொல்லும் திறன் இராது; நாள்பட்ட கிரானுலோமா நோய் என்பது அது. ஆகவே விழுங்குவதையும் கொல்வதையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

அமிலத்தில் மட்டும் ஒளிரும் சாயம் ஏற்றிய, கொல்லப்பட்ட ஈ. கோலை துகளை எடுங்கள். சூடேற்றாத சீரத்தில் 37 டிகிரியில் 30 நிமிடம் ஊறவையுங்கள். 56 டிகிரியில் சூடேற்றிய சீரத்தில் காம்ப்ளிமென்ட் செத்திருக்கும். ஒரு செல்லுக்கு 10 துகள் வீதம் சேர்த்து, 37 டிகிரியில் ஒரு மணி நேரம். கூடவே இரண்டு கட்டுப்பாடுகள்: 4 டிகிரியில் வைத்த ஒன்று, விழுங்குவதைத் தடுக்கும் சைட்டோகலாசின் டி 10 மைக்ரோமோலாரில் 30 நிமிடம் முன்பே வைத்த ஒன்று. இரண்டிலும் ஒளி எழக் கூடாது. சாதாரண ஃப்ளூரசின் சாயம்தான் இருக்கிறது என்றால், அளக்கும் முன் டிரிப்பான் நீலம் சேர்த்து வெளியே ஒட்டியிருப்பதன் ஒளியை அணையுங்கள்; இல்லையேல் ஒட்டியதையும் விழுங்கியதையும் பிரிக்க முடியாது. மேக்ரோபேஜுக்கு இயல்பான சுய ஒளிர்வும் உண்டு. துகள் சேர்க்காத குழி ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

கிருமி தின்பது மட்டுமே இதன் தொழில் என்று எண்ண வேண்டாம். 120 நாள் ஓடி முதுமையடைந்த சிவப்பணுக்களை மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள மேக்ரோபேஜ்கள் தின்று, நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லி கிராம் இரும்பை மீட்டுத் தருகின்றன. உணவிலிருந்து உடல் உறிஞ்சுவது 1 முதல் 2 மில்லி கிராம்தான். நீண்ட வீக்கத்தில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறினால் இந்த இரும்பு மேக்ரோபேஜுக்குள்ளேயே பூட்டப்படும், ரத்தசோகை வரும். நுரையீரலில் ஜிஎம்-சிஎஸ்எஃப்புக்கு எதிராகத் தன் உடலே ஆன்டிபாடி செய்துகொண்டால், காற்றறை மேக்ரோபேஜ் சர்ஃபாக்டன்ட்டை (காற்றறையின் உட்பூச்சை) செரிக்க முடியாமல் திணறி, காற்றறைகள் அதனால் நிரம்பி மூச்சு முட்டும்.

எத்தனை பேரிடமிருந்து

ஒருவரின் செல் இன்னொருவரின் செல்லைப் போல நடக்காது. ஒரே எல்பிஎஸ்ஸுக்கு டிஎன்எஃப் அளவு பல மடங்கு வேறுபடும். குறைந்தது மூன்று பேர், முடிந்தால் ஐந்தாறு பேர். செல்களைக் கலந்துவிடாதீர்கள்: டி செல் எஞ்சியிருந்தால் அந்நியச் செல்லைக் கண்டு கிளர்ந்தெழும். ஒவ்வொருவரையும் அவரவர் கட்டுப்பாட்டோடு இணைத்தே ஒப்பிடுங்கள். ஒரே ஆளின் மூன்று குழிகளை மூன்று சோதனை என்று எண்ணுவது பிழை.

குறிப்பேட்டில் ரத்தம் எடுத்த நேரம், சீரத்தின் தொகுப்பு எண், உயிர்ப்பு, தூய்மை, விதைத்த எண்ணிக்கை ஐந்தும் அன்றே ஏறிவிட வேண்டும். ரத்தம் பட்ட திரவக் கழிவு எல்லாம் சோடியம் ஹைப்போகுளோரைட்டில், கலந்தபின் 1 சதவீதத்துக்குக் குறையாமல், 30 நிமிடம் ஊறிய பிறகே வெளியேறலாம். ஹைப்போகுளோரைட் கலந்த எதையும் ஆட்டோகிளேவில் வைக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.